கை நிற்க வேண்டும்

விருத்தாசலம் கத்திரி சாரைப்போல எழுத்தாளர்களை வெறுத்த பதிப்பாளர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. அவருடைய உண்மைப் பெயர் அவர் போட்ட புத்தகங்களில் மட்டும் இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது என்பதிலிருந்தே விற்பனையை ஊகித்துக்கொள்ளலாம்.

வயிற்றுக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறை, ஆசைக்குப் பதிப்பகம். இரண்டும் ஒரே கொட்டகையில். திட்டக்குடியில் குமாஸ்தாவாக இருந்த நான், ஆறு வருடம் எழுதிய நானூறு பக்க நாவலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினேன். மூன்று பெரிய பதிப்பகங்கள் ஏற்கெனவே கைவிரித்திருந்தன. இவரும் மாட்டேன் என்றால் பரண்தான் கதி. ஆபீசில் "எழுத்தாளரம்மா" என்று கிண்டல் வேறு.

சார் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

"நான் படிச்சி என்னாம்மா ஆவப்போவுது? அவங்க கேக்கட்டும்."

அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களைக் காட்டினார். பொம்மைக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குக் கூலி. கை நின்றால் நஷ்டம். வாசிக்கும்போது எந்தப் பக்கத்தில் கை நிற்கிறதோ, அது புத்தகத்தில் இருக்கும். மற்றதெல்லாம் கத்திரிக்கு.

சனிக்கிழமைதோறும் சாரே உரக்க வாசித்தார். முதல் அத்தியாயத்தில் கதாநாயகி ஜன்னலோரம் நின்று பதினெட்டுப் பக்கம் வானத்தைப் பார்க்கிறாள். பொம்மைகள் மடமடவென்று பலகையில் ஏறின.

"சார், அந்தப் பொண்ணு எம்மா நேரமா நிக்குது? பல்லு வெளக்குச்சா இல்லியா?" என்றார் அந்த ஆறு பேரில் ஒருவரான செல்வி அக்கா.

பதினெட்டுப் பக்கமும் போயிற்று.

"அது மனசோட தவிப்பு சார்!" என்று கத்தினேன்.

"தவிப்பெல்லாம் வூட்டோட வெச்சிக்கம்மா. பொம்ம எத்தினி ஆச்சி பாரு!"

நாலு வாரத்தில் முக்கால் நாவல் காலி. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். அந்த மாதம்தான் பட்டறையில் வேலை அமோகமாக நடந்தது என்று அவரே பூரிப்போடு சொன்னார்.

ஐந்தாவது வாரம் முன்னூறாவது பக்கம் வந்தது. துபாயில் வேலை பார்க்கும் அத்தா, மகளிடம் போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்கிறார். அதற்குமேல் பேசத் தெரியவில்லை. போனை வைக்கவும் மனசில்லை. அவர் அறையில் ஓடும் மின்விசிறிச் சத்தத்தை மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அது என் அத்தா. இலக்கியத்தரம் போதாதென்று நானே எடுத்துவிட நினைத்த பக்கம் அது.

ஆறு பேரின் கைகளும் நின்றன.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? படிங்க" என்றார் செல்வி அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

சாரால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்மேல் எரிந்து விழுந்தார்.

"இத எதுக்கும்மா இங்க ஒளிச்சி வெச்ச? இதுலேருந்து ஆரம்பி!"

ஆரம்பித்தேன். மறு வருடம் நூற்றுப்பத்துப் பக்கத்தில் நாவல் வந்தது.

முதல் பிரதி துபாய்க்கு, அத்தாவுக்கு. சாரே பார்சல் கட்டினார். பொம்மை அனுப்பும் பெட்டி, சுற்றிலும் வைக்கோல், மேலே கொட்டை எழுத்தில் "உடையும் பொருள்".

"புஸ்தகம் எங்க சார் ஒடையும்?" என்றேன்.

"உனக்கு என்னாம்மா தெரியும்?" என்று இன்னொரு பிடி வைக்கோலைத் திணித்தார்.

நான் எழுதிய எதையும் அதுவரை ஒருவரும் அவ்வளவு பத்திரமாகத் தொட்டதில்லை.