முழுக்குப் பயிற்சி வகுப்பு

'மாணவர் தொகை: ஒன்பது' என்று தட்டச்சில் அடித்து முடித்த பிறகுதான் எடித் மிஸ் வகுப்பறையை எட்டிப் பார்த்தார். டினோஷா மட்டும் இருந்தாள். அவளும் பழைய ஏற்பாட்டு விளக்கவுரையால் நுளம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"மத்த ஆக்கள் எங்க?"

"மத்த ஆக்கள் ஆர் மிஸ்? போன வருசத்திலருந்து நான் மட்டும்தானே."

எடித் மிஸ் காகிதத்தைப் பார்த்தார். அடித்ததை அழிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. காகிதத்தில் இருப்பது சரி, வகுப்பில் எட்டுப் பேர் குறைவு, அவ்வளவுதான்.

பெரியகல்லாற்றுக்குச் சற்று வடக்கே, முன்னால் கடலும் பின்னால் வாவியும் நடுவில் ஒரு தார் வீதியுமாக ஒடுங்கிக் கிடந்த நிலத்தில் நின்றது அந்தப் பப்டிஸ்ட் இறையியல் கல்லூரி. எடித் மிஸ் அதன் பதிவாளர். முப்பத்தொரு வருடப் பதிவாளர். அதிபர்கள் ஏழு பேர் வந்தார்கள், போனார்கள். அவர் போகவில்லை.

சுனாமி வந்த அன்று ஊரில் போன உயிர்களைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. போன தளபாடங்களைப் பற்றி மட்டும் எவ்வளவும் பேசுவார். கல்லூரியின் பிரசங்க மேடை வாவியைத் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல் வட்டைக்குள் போய்க் கரையேறியது. அதில் ஏறி நின்று அங்குள்ள விவசாயி சத்தம் போட்டால் யானைகள் மனந்திரும்பிக் காட்டுக்குப் போய்விடுகின்றன என்று கேள்வி. யுத்தத்திலும் அப்படித்தான். இரண்டு தரப்பும் மாறி மாறி வந்து தங்கின. ஒரு தரப்போடு கதிரைகள் போயின, மறுதரப்போடு மின்விசிறிகள் போயின. தட்டச்சுப் பொறி மட்டும் தப்பியது. எடித் மிஸ் அதன்மேல் பாவாடையை விரித்து உட்கார்ந்துகொண்டு, "இது முக்காலி" என்று இரண்டு தரப்புக்கும் ஒரே பதில் சொன்னார். எழும்பச் சொல்லும் துணிவு எந்தப் படைக்கும் இருக்கவில்லை.

இவ்வளவுக்கும் தப்பிய கல்லூரியைப் பதுளை விடுவதாக இல்லை. பதுளையில் இருந்தது தாய்க் கல்லூரி. மலைக்கு மேலே, கடலும் யுத்தமும் ஏறாத உயரத்தில், அறுபது மாணவரோடு நடப்பதாக அவர்களே எழுதுவார்கள். 'கடலோரம் இனி வேண்டாம், மூடிவிட்டு எங்களோடு இணையுங்கள்' என்று மூன்று முறை கடிதம் வந்தது. மூன்றாவதற்கு எடித் மிஸ் பதில் அடித்தார்: 'கடல் ஒருதரம்தான் வந்தது. நீங்கள் மூன்றுதரம் வந்துவிட்டீர்கள். இரண்டில் கடலுக்கே மரியாதை அதிகம்.'

யுத்தம் முடிந்து நான்காம் மாதம், பதுளை வீதி திறந்த கையோடு நாலாவது கடிதம் வந்தது. தலைப்புத்தாள்கூட இல்லாத வெறும் காகிதம். 'செவ்வாயன்று நேரில் வருகிறேன். உங்கள் கல்லூரியின் வரலாறு, பாடநெறிகள், தங்குமிட வசதி ஆகியவற்றை அறிய விரும்புகிறேன். கலாநிதி ஆசீர்வாதம், பதுளை.'

"மூடத்தான் வாறார்," என்றார் அதிபர் வினாயகமூர்த்திப் போதகர். இந்துவாகப் பிறந்து முப்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். பேரை மாற்றச் சொன்ன வெள்ளைக்காரப் போதகரிடம், "தண்ணிக்குள்ள போனது நான், என்ட பேர் கரையிலதான் நிண்டது," என்று சொன்ன மனிதர். ஆனால் அந்தத் துணிச்சல் அன்றோடு தீர்ந்துவிட்டது. "இணைஞ்சுதான் போவமே மிஸ்."

"நீங்க இணையுங்க போதகர். நான் இணையமாட்டன்."

எடித் மிஸ்ஸுக்கு வேறு வழி இல்லை. மகள் அன்ட்றியா மெல்பேர்னில் இருந்து வாராவாரம் கூப்பிடுகிறாள். இவர்களைப் போன்ற மட்டக்களப்புப் பறங்கியரில் பாதிப்பேர் அங்கேதான். 'கல்லூரி நிண்டு பிடிக்குமட்டும் வரமாட்டன்' என்று எடித் மிஸ் அவளிடம் சத்தியம் செய்திருந்தார். கல்லூரி மூடினால், சத்தியம் சொன்ன அதே வாயை மூடிக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

இப்போது செவ்வாய். மணி ஏழு.

"பேர்டி," என்று கணவரைக் கூப்பிட்டார். "எட்டு ஆக்கள் வேணும். ஒன்பது மணிக்கு முந்தி."

பேர்டி தச்சர். கத்தோலிக்கர். கல்லூரியின் மேசை, கதவு, புத்தக அலுமாரி எல்லாம் அவர் கைவேலை. "எப்பிடியான ஆக்கள்?"

"இருக்கத் தெரிஞ்ச ஆக்கள்."

பேர்டி மீன் விற்கும் றோசம்மாவையும் அவளோடு கூடைதூக்கும் ஆறு பெண்களையும் கொண்டுவந்தார். அவரோடு சேர்த்து எட்டு. கூடைகளும் கூடவே வந்ததால் வகுப்பறை முழுக்கக் கீரி மீன் மணந்தது.

"என்னகா படிக்கிறம் நாங்க?" என்று கேட்டாள் றோசம்மா.

"இறையியல்."

"நாங்க மெதடிஸ்ட் கா."

"இண்டைக்கு மத்தியானம் மட்டும் பப்டிஸ்ட். சோறும் இறால் கறியும் இருக்கு."

றோசம்மா முன்வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தது வரலாறு. பழைய பதிவேடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டதால் வரலாறு எடித் மிஸ்ஸின் கையில் இருந்தது. கல்லூரி தொடங்கியது ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறில். பதுளை தொடங்கியது பதினொன்றில். தாயைவிடப் பிள்ளை மூத்ததாக இருந்தால் மூட முடியாது அல்லவா? 'தொடக்கம்: 1904' என்று அடித்தார்.

வினாயகமூர்த்திப் போதகர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மிஸ், தொடங்கின மிஷனரி பிறந்ததே ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறில."

"அப்ப அவருக்குப் பிறக்க முந்தியே அழைப்புக் கிடைச்சிருக்கு. எரேமியாவுக்குக் கிடைக்கல்லியா?"

போதகர் தலையிலிருந்து கையை எடுத்தார். வேதாகமத்தில் இருக்கிறதே.

பாடநெறி உண்மையில் இரண்டுதான். எடித் மிஸ் ஐந்து அடித்தார். ஐந்தாவது, 'முழுக்குப் பயிற்சி'. அதில் பொய் இல்லை. தலையில் தெளிப்பதோடு பப்டிஸ்ட் திருப்திப்படுவதில்லை. ஆளை முழுதாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுத்தால்தான் ஞானஸ்நானம். போதகர் ஆகப் போகிறவர்கள் அதைப் பழக வேண்டும். பழகுவதற்குப் பேர்டி ஒரு மரமனிதன் செய்து கொடுத்திருந்தார். பேர் யோனா. இலவ மரத்தில் செய்ததுதான் பிழை. யோனா அமிழவே மாட்டான். இரண்டு வருடமாக டினோஷா அவனை வாவிக்குள் அமுக்குகிறாள், அவன் துள்ளி எழும்புகிறான். அவளுடைய புயம் இரண்டும் நெல் மூட்டை தூக்குகிறவனுடையதுபோல் ஆகிவிட்டன.

ஒன்பது மணிக்கு ஒரு மரக்கறி லொறி வந்து நின்றது. சாரதி கச்சி முகம்மது. பதுளைக்குப் போய்க் கரட்டும் லீக்சும் ஏற்றிவருகிற, ஊர் அறிந்த மனிதர். பக்கத்து இருக்கையில் இருந்து, கோட்டில் முட்டைக்கோவா இலை ஒட்டியபடி, மெலிந்த ஒருவர் இறங்கினார். ஒரு நீளக் கபில நிறக் கடித உறையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"பாத்தீங்களா," என்று எடித் மிஸ் போதகரின் காதுக்குள் சொன்னார். "மரக்கறி லொறியில வாறார். ஒளிச்சு வேவு பாக்கிற புத்தி. அந்தக் கவருக்குள்ளதான் மூடுற கடுதாசி."

"மிஸ்," என்று கச்சி முகம்மது கிட்டே வந்தார். "வழி முழுக்க இந்த மனிசன் என்னோட கதைச்சுக்கொண்டு வந்தவர். ஒரு விசயம்..."

"பிறகு, முகம்மது. லீக்ஸ் வாடப் போகுது, நிழல்ல விடுங்க."

கலாநிதி ஆசீர்வாதம் வரலாற்றை வாங்கி வாசித்தார். பிறக்க முந்திய மிஷனரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா எழுதியிருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு விடுதியைக் காட்டச் சொன்னார். அங்கே போய்க் கட்டிலைச் சாணால் அளந்தார்.

"ஆறடி இருக்குங்களா?"

"ஏன், கட்டிலையும் பதுளைக்குக் கொண்டுபோகப் போறீங்களா?" என்றார் எடித் மிஸ்.

அவர் திடுக்கிட்டு, "இல்லைங்க, இல்லைங்க," என்றார். சன்னலைத் திறந்தார். "இதுல காத்து வருமுங்களா?"

"சுனாமியே வந்தது."

"சாப்பாட்டுக்குத் தினமும் மீனுங்களா?"

"மீன் விருப்பமில்லாத ஆக்கள் மலையில இருக்கலாம்."

கலாநிதியின் முகம் வாடியது. எடித் மிஸ்ஸுக்கு அது இறால் கறியைவிட ருசித்தது.

வகுப்பறையில் ஒன்பது பேரையும் கண்டதும் அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது. மீன் மணமாக இருக்கும் என்று எடித் மிஸ் நினைத்தார். கலாநிதி முன்வாங்கைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, கிருபைன்னா என்னங்க?"

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். றோசம்மா யோசிக்கவே இல்லை.

"கையில ஒண்டும் இல்லாம வாறவளுக்கு மீனை நிறுத்துக் குடுத்திட்டு, மேல ரெண்டு மீன் சும்மா போடுறது."

கலாநிதி ஒரு சிறு புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார். "நாப்பது வருஷம் படிச்சுக்குடுத்தேன். இந்த விளக்கம் எனக்கு வரலைங்க."

இத்தோடு விட்டிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்த அஞ்சாவது பாடம்... முழுக்குப் பயிற்சி. பார்க்கலாமுங்களா?"

எல்லோரும் வாவிக்கு இறங்கினார்கள். புரட்டாதி மாதத்து வாவி. கணுக்கால் தண்ணீரில் நூறு யார் தூரம் நடந்தால்தான் இடுப்பு நனையும்; எல்லோரும் நடந்தார்கள். ஒரு கொக்கு இவர்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. பேர்டி யோனாவை மிதக்கவிட்டு இழுத்துவந்தார். காற்று எழும்பியது. கயிறு கைநழுவியது. யோனா மல்லாந்தபடி குருக்கள்மடம் பக்கம் அமைதியாகப் போனான்.

"இப்ப ஆரை முக்குறது?" என்றாள் டினோஷா.

எடித் மிஸ் றோசம்மாவைப் பார்த்தார்.

"சின்னதில எனக்குத் தெளிச்சது போதும் கா," என்றாள் றோசம்மா. "இறால் கறிக்காக நான் முங்க மாட்டன்."

எடித் மிஸ் பேர்டியைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு வருசம் உன்னோட இருந்தும் கத்தோலிக்கனா நிண்டு பிடிச்சவன் நான்," என்றார் பேர்டி. "இதில மட்டும் கேட்காத எடித்."

அந்த நேரம் பார்த்துக் கலாநிதி நெஞ்சிலிருந்த உறையை மெல்ல எடுத்தார். "அப்ப, பதிவாளரம்மா, நான் வந்த விஷயத்தச் சொல்லிடுறேன். இத உங்க கையில..."

கடலுக்கும் யுத்தத்துக்கும் விலகாத எடித் மிஸ் அந்த உறையைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். மெல்பேர்ன் விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது.

"பொறுங்க," என்றார். "இந்தக் கல்லூரியில வழக்கம் ஒண்டு இருக்கு. நனையாத ஆள் நீட்டுற கடுதாசிய நாங்க வாங்குறல்ல."

"அப்படிங்களா?"

"ஆயிரத்துத் தொளாயிரத்து நாலிலருந்து."

கலாநிதி தண்ணீரைப் பார்த்தார். மலைநாட்டு மனிதர், பாத்திரத்தில் இருக்கிற தண்ணீரை மட்டும் நம்புகிறவர். முகம் வெளிறியது. ஆனாலும் உறையைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, டினோஷாவின் பக்கத்தில் போய் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

டினோஷா முறைப்படி இடது கையை அவர் முதுகுக்குக் கொடுத்தாள். பிறகு, இரண்டு வருடமாக யோனாவை எப்படி அமுக்கினாளோ அப்படியே அமுக்கினாள். அவளுக்கு வேறு விதம் தெரியாது. யோனா திருப்பித் தள்ளுவான். கலாநிதி தள்ளவில்லை. நேரே அடிச்சேற்றுக்குப் போனார். தண்ணீர் மூடிக்கொண்டது. கொக்கு எழும்பிப் பறந்தது. பேர்டியும் டினோஷாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுத்தபோது அவர் தலையில் சாதாளைப் பாசியும் கோட்டுப் பையில் ஒரு இறாலும் இருந்தன.

ஞானஸ்நானம் முடிந்தால் கூட நிற்கிறவர்கள் பாடுவது வழக்கம். ஆகவே மெதடிஸ்ட் பெண்கள் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு நடுவே கலாநிதி உறையை வெளியே எடுத்தார். அது கூழாகி, நீல மை வடிந்து, முழங்கை வரை ஓடியது.

எடித் மிஸ்ஸுக்கு ஏழு அதிபர் காலத்துப் பலமும் ஒன்றாய் வந்தது.

"பாத்தீங்களா டொக்டர்? கடல் வந்து மூடப் பாத்தது, ஏலாமப் போச்சு. துவக்கோட படை வந்தது, ஏலாமப் போச்சு. உங்கட கடுதாசி மூடுமா? பதுளைக்குப் போய்ச் சொல்லுங்க. ஒன்பது மாணவர், ஐந்து பாடநெறி. இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல எண்டு சொல்லுங்க."

அந்தக் கடைசி வசனத்தில் கலாநிதியின் தோள் தொங்கிப்போனது. "புரியுதுங்க," என்றார். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்." சேறு சொட்டச் சொட்டக் கணுக்கால் தண்ணீரில் நூறு யார் தூரமும் தனியாக நடந்து, லொறிக்குப் பின்னால் போய் ஒரு கரட் மூட்டையில் உட்கார்ந்தார்.

பெண்கள் கை தட்டினார்கள். வினாயகமூர்த்திப் போதகர், முப்பது வயதில் தொலைத்த துணிச்சல் திரும்ப வந்தவராய், "அல்லேலூயா," என்றார். எடித் மிஸ் வெற்றியோடு கரையேறினார்.

கரையில் கச்சி முகம்மது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லுங்க முகம்மது, என்ன விசயம்?"

"இனி என்னத்தச் சொல்ல மிஸ்," என்றார் அவர். "படிக்க ஒரு பிள்ளையும் இல்லாமப் பதுளைக் கல்லூரிய வைகாசியோட இழுத்து மூடியாச்சு. நீங்க முக்கினது உங்களிட்ட வாத்தியார் வேலை கேட்டு அந்த மனிசன் எழுதிக்கொண்டுவந்த விண்ணப்பம்."