கோட்டுக்குப் பின்னால் கிளிப்

புரொபைல் பட ஞானி என்றொரு இனம் நம்மிடையே பல்கிப் பெருகிவருகிறது. கொழும்புக் காலி வீதியில் எந்தப் பஸ்ஸை நிறுத்தினாலும் நாலைந்து பேராவது இறங்குவார்கள். வெள்ளவத்தை வரதராசாவை நீங்கள் கண்டிருக்கலாம்; காணாவிட்டாலும் அவர் உங்கள் படத்தைக் கண்டிருப்பார், கண்டு உச்சுக்கொட்டியிருப்பார்.

ஒரு தனியார் நிறுவனத்தில் அவர் மனிதவள முகாமையாளர். சாதகம் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். பன்னிரண்டு கட்டத்துக்குள் என்ன இருக்கிறது, சுத்த மூடநம்பிக்கை என்பார். அவருக்கு ஒரே ஒரு கட்டம் போதும்: விண்ணப்பத்தின் மேல்மூலையில் படம் இருக்கிற கட்டம். கைகட்டி நின்றால் தலைமைத்துவம், பல் தெரியச் சிரித்தால் ஒத்துப்போகிற குணம், பின்னால் கண்ணாடிக் கட்டடம் நின்றால் தூரநோக்கு, தலை கொஞ்சம் சரிந்திருந்தால் அடிக்கடி லீவு எடுக்கிற ஆள் என்று கல்யாணப் பந்தியில் சோற்றைப் பிசைந்தபடியே பக்கத்து இலைக்காரருக்குப் பலன் சொல்லிக்கொண்டு போவார். பெயர், படிப்பு, அனுபவம்? அவை கீழே இருக்கின்றன. அவ்வளவு கீழே அவர் போவதில்லை.

போன வருடம் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேடினார்கள். தேயிலை மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்த துஷ்யந்தி விண்ணப்பித்தாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கணக்கியல் பரீட்சைகளையெல்லாம் முதல் தடவையிலேயே முடித்தவள். விண்ணப்பத்தில் இருந்தது மொட்டை மாடியில் தோழி எடுத்துக்கொடுத்த படம். தோளுக்குப் பின்னால் உடுப்புக் கொடி, அதில் கிளிப் மாட்டிய யாருடையதோ ஒரு பெனியன். பரீட்சைப் புள்ளிகளைப் பாருங்கள் என்று கணக்குப் பிரிவுத் தலைவி ஷபீகா சொல்லிப்பார்த்தார். வரதராசா பெனியனைத்தான் பார்த்தார்.

"தனக்குப் பின்னால என்ன தொங்குது எண்டே தெரியாத பிள்ளை, எங்கட கணக்கில பிழை பிடிக்குமோ?"

அந்த வருடம் முழுவதும் துஷ்யந்தி ஒரு துணிக்கடையில் பில் அடித்தாள்.

கைகட்டிய படத்துக்காக எடுக்கப்பட்டவர் வேலையிலும் கைகட்டியே நின்றுவிட்டுப் போனதால், இந்த வருடம் அதே இடம் மறுபடி காலியானது. வந்த விண்ணப்பங்களில் ஒரு படத்தைக் கண்டதும் வரதராசா கதிரையை விட்டே எழும்பிவிட்டார். கறுப்புக் கோட், கட்டிய கை, பின்னால் கண்ணாடிக் கட்டடம். நேர்முகப் பரீட்சைக்கு வந்த அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்க முதலே படத்தைப் பாராட்டினார்; போன முறை ஒருத்தி பெனியனோடு விண்ணப்பித்த கதையையும் சொல்லிச் சிரித்தார்.

"அது நாந்தாங்க சேர்," என்றாள் துஷ்யந்தி.

பக்கத்தில் இருந்த ஷபீகா தண்ணீர்க் கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"இந்தப் படத்துலயும் கிளிப் இருக்கு சேர். கோட் ஸ்டூடியோவுல குடுத்தது, எனக்குப் பெரிசு. முதுகுப் பக்கம் உடுப்புக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டாங்க. கட்டடமும் அவங்க போட்டதுதான்."

வரதராசா வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாக அறியவில்லை. மேசையில் தட்டினார்.

"பாத்தீங்களோ ஷபீகா, நல்ல படம் ஆளையே மாத்திப்போடும் எண்டு நான் அப்பவே சொன்னனான்."

வேலை கிடைத்தது. இப்போது கருத்தரங்குதோறும் அவர் அந்த இரண்டு படங்களையும் திரையில் அடுத்தடுத்துக் காட்டுகிறார். கைதட்டு விழுகிறது. நடுவில் துணிக்கடையில் கழிந்த வருடத்துக்குப் படம் இல்லை. ஆகவே அதைக் காட்டுவதில்லை.

நீங்களும் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் துஷ்யந்தி என்ன நிறம், எப்படிப்பட்ட முகம் என்று இங்கே ஒரு வரிகூட இல்லை. 'ஹட்டன் பக்கத்துப் பிள்ளை' என்று வாசித்ததுமே உங்கள் மனம் ஒரு படம் எடுத்துவிட்டதல்லவா? அதை ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், வரதராசாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகத்தான் இருக்கிறது.