நாற்பத்தொரு சதவீதத்தில் மலையேறியது பற்றி ஓட்வார் அத்தானுக்கு ஒரு விளக்கம்

வாட்சோ,
ஞாயிறு மாலை, பிப்ரவரி

மதிப்பிற்குரிய ஓட்வார் அத்தானுக்கு,

இங்கே மகள் ஈடுன் வீட்டில் அனைவரும் சுகம், என் இடது காதைத் தவிர. அது இன்னும் சிவந்திருக்கிறது. காரணம் கீழே வரும். உங்கள் முதுகுவலி தணிந்திருக்கும் என்றும், குத்வெய்க் அக்கா என் மீதுள்ள கோபத்தைக் கொஞ்சமாவது குறைத்திருப்பாள் என்றும் நம்புகிறேன். முப்பத்தோரு வருடம் வானிலை நிலையத்தில் தினமும் மூன்று வேளை வெப்பமானியைப் படித்து எழுதியவன் என்பதால், வரிசைப்படுத்தாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. ஆகவே இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. உங்கள் டீசல் வண்டியில் வர நான் மறுத்தது ஏன்.
2. ஹீட்டரை அணைத்து வைத்தது.
3. போகும் இடத்தை வண்டியிடம் சொல்லாதது.
4. சார்ஜர் முன்னால் நடந்த ஒன்று. (அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது இதை விட்டுவிடலாம்.)
5. மலையைத் தாண்டியது என்னுடைய கணக்கினால்தான் என்பதற்கு நிரூபணம்.
6. ஞானஸ்நானம்.

முதலாவது. போன வாரம் உங்கள் சமையலறையில் அக்கா ஞானஸ்நானக் கவுனைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்த பேட்டரி வண்டியில ஞானஸ்நானத்துக்குக் கிளம்பினா, குழந்தை பள்ளிக்கூடம் சேர்ற அன்னைக்குத்தான் போய்ச் சேருவே. குளிர்காலத்துல இது தனியா அந்த மலையைத் தாண்டாது. பேசாம பெட்டியோட என் வண்டியில ஏறு" என்றீர்கள். உங்கள் முதுகு நானூறு கிலோமீட்டர் தாங்காது என்பதற்காகத்தான் மறுத்தேன் என்று அப்போது சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், நாற்பது வருடமாக நீங்கள் சொல்வது எல்லாமே சரியாக இருந்து வருகிறது, ஒரே ஒரு தடவையாவது அது தவறாகிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வயதில் இது அழகல்ல என்று தெரியும். ஆனால் அந்தக் கவுனின் கீழ்விளிம்பில் நம் குடும்பத்துப் பெயர்கள் பதினேழு தைத்திருக்கின்றன, உங்கள் பிள்ளைகள் மூன்று பேர், என் ஈடுன், நான் உட்பட. பதினெட்டாவது பெயர் என் பேத்தியுடையது. அவளைக் கையில் ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தகப்பன் நான். அந்தப் பெட்டியை நானே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இரண்டாவது, ஹீட்டர். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஆல்டாவில் கிளம்பும்போது வெளியே மைனஸ் பத்தொன்பது. பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கூவத் தொடங்கியது, பெட்டிக்கு பெல்ட் போட்டேன், கூவல் நின்றது. ஹீட்டரைப் போட்டவுடன் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் எண் இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று எழுபத்தாறாக இறங்கியது. நான் மிரண்டுபோய் அணைத்துவிட்டேன். கம்பளி உள்ளாடை இரண்டு, ஸ்வெட்டர் இரண்டு, அதன் மேல் மீன்பிடிக் கோட்டு, காலில் அக்கா பின்னிக்கொடுத்த காலுறை, மடியில் காப்பி பிளாஸ்க் என்று உட்கார்ந்தேன். லாக்செல்வ் வரைக்கும் ஒரு குறையும் இல்லை, என் மூச்சு முன்கண்ணாடியின் உள்பக்கம் உறைந்துபோவதைத் தவிர. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நூலக அட்டையால் சுரண்டினேன். சுரண்டிய பனித்தூள் எல்லாம் டாஷ்போர்டில் விழுந்தது, கரையவில்லை, உள்ளே அவ்வளவு குளிர். இடது பக்க ஜன்னலில் கசியும் காற்று நேராக என் காதில் அடித்தது. காது விவகாரம் இத்துடன் முடிந்தது.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவை, இதைப் பட்டியல் போடும்போதே கவனித்திருக்க வேண்டும். இந்த வண்டியில் போகும் இடத்தை எழுதிக் கொடுக்க ஒரு திரை இருக்கிறது. நான் எழுதவில்லை. அந்தச் சாலையில் ஐம்பது வருடமாகப் போய் வருகிறேன், வழி தெரியும். தவிர, ஒருவன் எங்கே போகிறான் என்பது அவனுடைய சொந்த விஷயம், அதை ஒரு வண்டியிடம் சொல்வானேன் என்றும் ஒரு கூச்சம். லாக்செல்வில் சார்ஜ் மிக மெதுவாக ஏறியபோதும் எனக்குக் காரணம் புரியவில்லை, இரண்டு வாஃபிள் சாப்பிட்டுவிட்டு, மின்சாரத்துக்கும் சனிக்கிழமை விடுமுறை போல என்று நினைத்துக்கொண்டேன். மலையடிவாரக் கடையில் ஒரே ஒரு சார்ஜர். அங்கே போய்ச் சேர்ந்தபோது இருபத்திரண்டு சதவீதம். மணி பன்னிரண்டே கால். கடைக் கதவில் தாள் ஒட்டியிருந்தது: மேலே புயல் வருகிறது, பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் வரிசையாகப் போவது இன்றைக்கு இரண்டு மணிக்கு ஒரு தடவைதான், அதன் பிறகு ஞாயிறு மாலை வரை மலை மூடல். ஞானஸ்நானமோ ஞாயிறு காலை பதினொன்றுக்கு. சுற்றுவழி இருக்கிறது, ஆனால் இருபத்திரண்டு சதவீதத்தில் அதன் முனைக்கே திரும்ப முடியாது.

வண்டியை சார்ஜரில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்துநாலு வரை ஏறியபோது கண்ணாடியில் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற வண்டி நிற்கிறது, உள்ளே மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கேட்கவும் இல்லை, விளக்கைச் சிமிட்டவும் இல்லை. நம் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா. எனக்கு வெட்கமாகிவிட்டது, வயரைக் கழற்றி, வண்டியை எடுத்துச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் முன்னால் நகரவில்லை. நான் வயதானவன் என்பதால் எனக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அதை ஏற்றுக்கொண்டு உடனே போய் மாட்டினால் அற்பமாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தேன். அவளும் பொறுத்தாள். காலியான சார்ஜரைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான் இறங்கிப் போய், தயவுசெய்து நீங்கள் முதலில் சார்ஜ் போடுங்கள் என்று சொன்னேன். அவள் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள்.

"இது டீசல் வண்டிங்க" என்றாள்.

அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இங்கதான் காத்து அடிக்கல. நீங்க ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க போகட்டும்னு."

"எவ்வளவு நேரமா?"

"இருபத்தாறு நிமிஷமா."

அவள் ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள். பிறகு தன் தங்கையிடம் இதே மாதிரி வண்டி இருப்பதாகச் சொல்லி, சார்ஜருக்குப் போவதை வண்டியிடம் முன்கூட்டியே சொன்னேனா என்று கேட்டாள். எனக்கு வழி தெரியும் என்றேன். "வழி உங்களுக்குத் தெரியும் பெரியவரே. பேட்டரிக்குத் தெரிய வேண்டாமா? சார்ஜருக்குப் போறோம்னு சொன்னாத்தான் அது வர்ற வழியிலேயே தன்னைச் சூடு பண்ணிக்கும். இல்லன்னா விறைச்சுப்போய் வந்து நிக்கும், மின்சாரம் எப்படி இறங்கும்?" என்றாள். காலையிலிருந்து என் வண்டியும் என்னைப் போலவே ஒரு வார்த்தை பேசாமல் குளிரில் விறைத்திருக்கிறது. மறுபடி மாட்டினேன். காத்திருந்ததில் பேட்டரி இன்னும் குளிர்ந்துபோயிருந்தது. இரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்தொன்று.

இப்போது முக்கியமான ஐந்தாவது. தடுப்புக் கம்பத்தின் முன்னால் ஒன்பது வண்டிகள் நின்றன, நான் ஒன்பதாவது. பனிலாரியிலிருந்து இறங்கி ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வந்தவர் அதே மஞ்சள் ஜாக்கெட். ரொட்டி சாப்பிட்டது வேலைக்கு முன்னால். பெயர் ரிஸ்டென் என்று ஜாக்கெட்டில் எழுதியிருந்தது. எரிபொருள் போதுமா, கம்பளி இருக்கிறதா என்று பார்த்து, போதாதவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவளுக்கு உண்டு. என் ஜன்னலைத் தட்டினாள். உள்ளே பனி மூடியிருந்ததால் நான் யார் தட்டுகிறார்கள் என்று பார்க்க அட்டையைத் தேட வேண்டியிருந்தது.

"உள்ள என்ன, மீன் பதப்படுத்துறீங்களா?" என்றாள். "எத்தனை சதவீதம்?"

வேறு யாராக இருந்தாலும் போதும் என்று சொல்லியிருப்பார்கள். நான் நாற்பத்தொன்று என்றும், ஆனால் இந்தக் குளிரில் அது முப்பத்தெட்டாகக்கூட இருக்கலாம் என்றும், தானா ஆற்றுப் பாலத்தருகே உள்ள அடுத்த சார்ஜருக்கு எண்பத்தெட்டு கிலோமீட்டர் என்றும், ஹீட்டர் இல்லாமல் தொண்ணூற்றாறு ஓடும் என்றும் சொன்னேன். ஹீட்டர் இல்லாமல் வரிசையில் விட மாட்டேன், மேலே நின்றுபோனால் நீங்கள் விறைத்துப்போவீர்கள் என்றாள். போட்டுக் காட்டினேன். எண்பது என்று காட்டியது.

அவள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்டியைத் தன் லாரியில் அந்தப் பக்கம் கொண்டு போய்க் கொடுத்துவிடுவதாகவும், ஈடுன் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும், நான் கடையில் தங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். நியாயமான யோசனை. நாகரிகமான மனிதன் உடனே ஒத்துக்கொண்டு நன்றி சொல்லியிருப்பான். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நானும் வரணும்" என்று வந்தது. "குழந்தையைப் பிடிச்சுக்க வேண்டியது நான்."

அத்தான், அறுபத்தொன்பது வயதில் ஓர் அதிகாரியிடம் நான் மாட்டேன் என்ற பொருளில் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். உடனே எனக்கே பயமாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட, நான் கொண்டுவந்த ரொட்டியைச் சுற்றியிருந்த தாளில், காத்திருந்தபோது போட்டு வைத்த கணக்கைக் காட்டினேன். மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாமல், எங்கும் நிற்காமல் போனால் ஹீட்டர் போட்டாலும் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர் ஓடும், ஐந்து மிஞ்சும் என்று அதில் இருந்தது. அவள் தாளை வாங்கிப் படித்தாள். "வழக்கமா அறுபதுல போவோம்" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். "சரி, ஹீட்டரைப் போடுங்க. கம்பத்தைத் தாண்டினதும் முன்னால வாங்க, எனக்கு நேர் பின்னால. பலவீனமான வண்டிதான் முதல்ல" என்றாள். தாளைத் திருப்பித் தரவில்லை. சீஸ் எண்ணெய் படிந்திருந்ததால் எங்கேயாவது போட்டிருப்பாள். அவள் எனக்கு முன்னால் நின்ற வண்டிகளிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். என் வாழ்க்கையில் ஒரு வரிசையில் நான் முதலாவதாக நின்றது அன்றுதான்.

சொல்லி வைத்தாற்போல லாரி முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. பனி அதிகம் என்பதால் என்று நினைக்கிறேன். உச்சியில் பனி நின்று, மேற்கே வானம் இளஞ்சிவப்பாக வெளுத்து, சாலை துடைத்துவிட்டதுபோல் தெரிந்த இடத்திலும் அவள் முப்பத்தைந்திலேயே போனாள். விதியை மதிக்கும் அரசாங்க ஊழியர்களைப் பார்ப்பது மகிழ்ச்சியாக இருந்தது. ஹீட்டர் ஓடியது. காலையிலிருந்து டாஷ்போர்டில் கிடந்த பனித்தூள் உருகி என் முழங்காலில் சொட்டியது. அவளுடைய பின்விளக்கு இரண்டும் எனக்கு முன்னால், எட்டு வண்டிகளின் முன்விளக்குகள் எனக்குப் பின்னால், பக்கத்தில் பெல்ட் போட்ட கவுன். நடுவில் நான் காப்பி குடித்துக்கொண்டு போனேன். பயப்பட நினைத்தேன், அன்றைக்கு வரவில்லை. அந்தப் பக்கக் கம்பத்தில் லாரி ஒதுங்கிக்கொண்டது, அவள் கையை ஆட்டினாள். அதற்குப் பிறகும் தானா பாலம் வரை என்னை ஒரு வண்டிகூட முந்தவில்லை. நம் மக்களுக்கு முன்பைவிடப் பொறுமை வந்திருக்கிறது. ஏழு கிலோமீட்டர் மிஞ்சியிருக்கப் போய்ச் சேர்ந்தேன், கணக்குப் போட்டதைவிட இரண்டு அதிகம். இம்முறை வண்டியிடம் முன்பே சொல்லியிருந்தேன். நாற்பது நிமிடத்தில் எண்பது சதவீதம் வரை ஏறியது. ஆகவே, உரிய மரியாதையுடன், நீங்கள் சொன்னது தவறு என்று நிரூபணமாகிறது.

ஆறாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு மாதக் குழந்தைக்குக் கவுன் பின்பக்கம் மூடவில்லை, ஈடுன் ரிப்பன் வைத்துக் கட்டினாள், முன்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஆஸ்னி என்று பெயர் சொன்னபோது அவளை ஏந்தி நின்றது நான்தான். தண்ணீர் பட்டதும் அவள் என் சிவந்த காதைப் பிடித்து இழுத்தாள், தேவாலயமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்கிறார்கள்.

அக்காவின் கவுன் ஒரு கறையும் இல்லாமல் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் வழுக்காதபடி சாலையெல்லாம் மணல் தூவியிருக்கட்டும், வீட்டில் விறகு குறையாதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்
தூர்லெய்வ்

பி.கு. திங்கள் காலை. உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். தேவாலயத்தில் விட்டுவந்த என் கையுறையைக் கொடுக்க ஆர்கன் வாசிப்பவர் சற்று முன் வந்திருந்தார். சனிக்கிழமை வரிசையில் நான்காவது வண்டி அவருடையதாம். "அந்த லாரிக்கார அம்மா உங்க ரொட்டித் தாளை ஒவ்வொரு ஜன்னல்லயா காட்டினாங்க. இந்தப் பெரியவருக்காக முப்பத்தஞ்சுல போகப் போறேன், யாருக்காவது அவசரமான்னு கேட்டாங்க. யாரும் எதுவும் சொல்லல" என்றார். தானா வரை ஏன் யாரும் முந்தவில்லை என்று கேட்டேன். வழியில் நான் நின்றுபோனால் பெட்டியை மூன்றாவது வண்டியும் என்னை அவரும் ஏற்றிக்கொள்வது என்று பேசி வைத்திருந்தார்களாம். இதை ஏன் நேற்றே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

ஆகவே மேலே உள்ள எண் ஐந்து தவறு. குளிர்காலத்தில் இந்த வண்டி தனியாக மலையைத் தாண்டாது என்று நீங்கள் சொன்னீர்கள். அது தனியாகத் தாண்டவில்லை.