ஃபிரிட்ஜின் பின்பக்கம்

சக்கரம் வைத்த வண்டிவீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜ் சாதாரண ஃபிரிட்ஜ் அல்ல. கம்பத்து மின்சாரத்தில் ஓடும். அது இல்லாத இடத்தில் கேஸில் ஓடும். போகிற வழியில் பேட்டரியிலும் ஓடும். இப்படி மூன்று வழியில் ஓடக்கூடிய ஒரு பொருள் மூன்று வழியிலும் ஓடாமல் நிற்பதற்குத் தனித் திறமை வேண்டும். ஹார்லன் பிக்ஸ்பியின் ஃபிரிட்ஜுக்கு அந்தத் திறமை ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கைகூடியது.

ஹார்லன் நெப்ராஸ்காவில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தவர். பட்டறையையும் வீட்டையும் விற்றுவிட்டு, நீளமான ஒரு வண்டிவீட்டை வாங்கி, மனைவி ஒலீட்டாவோடு அரிசோனா பாலைவனத்துக்கு வந்து, வண்டிவீடுகளுக்கு மனை வாடகைக்கு விடும் காப்பர் லிசர்ட் பூங்காவில் நிறுத்தினார். அதன்பிறகு வண்டி நகரவில்லை. வண்டி என்ற பெயர் மட்டும் மிச்சம்.

"பால் திரிஞ்சிருக்கு," என்றாள் ஒலீட்டா. "வெண்ணெய் ஊத்துற பதத்துல இருக்கு. அதெல்லாம் போகட்டும். என் இன்சுலினை எங்க வைக்கிறது? வெளிய வெயில் கொளுத்துது."

"ஐஸ் பெட்டியில வை. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"நீ பத்து நிமிஷம்னு சொன்னா நான் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சிடுவேன். போன தடவை ரெண்டு கையும் முடிஞ்சுது."

ஹார்லன் மீட்டரை எடுத்துக்கொண்டு முறைப்படி தொடங்கினார். கம்பத்தில் மின்சாரம் வந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை. மூன்று வழியும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் செத்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் பலகைக்குப் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன மின்சாரம் போகும். கேஸில் ஓடினாலும் அது வேண்டும். அது அங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. எர்த் ஒயரை இறுக்கியிருக்கும் திருகாணி துருப்பிடித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. வண்டியின் வெளிச்சுவரில், ஃபிரிட்ஜுக்கு நேர் பின்னால், ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவு உண்டு. அதைத் திறந்தால் திருகாணி கைக்கு எட்டும்.

அவர் கதவில் கை வைத்த கணத்தில், தலையில் மஞ்சள் விளக்கு சுழல ஒரு கோல்ஃப் வண்டி வந்து நின்றது. ராண்டல் பீவி இறங்கினார். பூங்காவின் குடியிருப்போர் சங்கத்தில், குடியிருப்புத் தரநிலைகள் மற்றும் தோற்றப் பொலிவுக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவில் வேறு யாரும் இல்லாததால் அவருடைய முடிவுகள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின.

"மிஸ்டர் பிக்ஸ்பி, அந்தக் கதவுல இருந்து கையை எடுங்க."

"இது என் ஃபிரிட்ஜோட பின்பக்கம் சார்."

"ஃபிரிட்ஜ் உங்களோடது. மறுக்கலை. ஆனா பின்பக்கம் வெளியே பாத்து இருக்கு. வெளியே பாக்குறது எல்லாம் தோற்றப் பொலிவு. தோற்றப் பொலிவு சங்கத்தோட அதிகாரத்துக்கு உட்பட்டது."

"அப்போ எனக்கு?"

"முன்பக்கம். அதை நீங்க தாராளமா அனுபவிக்கலாம்."

"முன்பக்கத்துல ஒரு கைப்பிடிதான் சார் இருக்கு. வேலை செய்யறதெல்லாம் பின்னாடி இருக்கு."

"நான் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தவன். எல்லா இடத்துலயும் அப்படித்தான்." பீவி குரலைத் தணித்தார். "அனுமதி கேளுங்க, தர்றோம். நாங்க என்ன ராட்சசங்களா?"

"சரி, கேக்குறேன். அனுமதி குடுங்க."

"இப்போ நான் ஆய்வுல இருக்கேன். ஆய்வுல இருக்கும்போது அனுமதி குடுத்தா, என் ஆய்வை நானே பாதிச்சதா ஆயிடும். சாயங்காலம் ஆபீஸுக்கு வாங்க. அங்க நான் நடுநிலையா இருப்பேன்."

ஹார்லனுக்கு அதில் ஏதோ நியாயம் இருப்பது போலவும் பட்டது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. பீவி மூக்கை உறிஞ்சினார்.

"பால் வாடை வருதே. ஃபிரிட்ஜ் ஓடலையா?"

"அதைத்தானே சார் இவ்வளவு நேரம் சொல்லிட்டு இருக்கேன்."

பீவியின் முகத்தில் கவலை படர்ந்தது. சங்கத்தின் விதிப்படி, படுக்கை, அடுப்பு, கழிப்பறை, இயங்கும் நிலையில் உள்ள குளிர்ப்பெட்டி ஆகிய நான்கும் அமைந்ததே குடியிருப்பு வாகனம். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது சேமிப்புக் கூண்டு.

"அப்போ எங்க வீடு இனிமே வீடு இல்லையா?"

"கூண்டு."

"அதுக்குள்ள இருக்குற நாங்க?"

பீவி சற்று யோசித்தார். மனிதத்தன்மை இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. "சேமிக்கப்பட்ட பொருட்கள்," என்றார் மெதுவாக. ஜன்னலில் 'சேமிப்புக் கூண்டு' என்று அச்சிட்ட மஞ்சள் ஒட்டி ஒன்றை ஒட்டி, காற்றுக் குமிழி நிற்காதபடி நன்றாகத் தேய்த்தும் விட்டார்.

சாயங்காலம் ஹார்லன் ஆபீஸுக்குப் போனார். மேஜைக்கு அந்தப் பக்கம் பீவி நடுநிலையாக உட்கார்ந்திருந்தார். அனுமதி கோரும் உரிமை குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உண்டு என்றும், பொருட்கள் விண்ணப்பம் தருவதற்கு விதிகளில் இடமில்லை என்றும் வருத்தத்தோடு தெரிவித்தார். போகும்போது நீச்சல் குளத்துச் சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகச் சொன்னார்.

"நான் நீந்தறதே இல்லையே சார்."

"அப்போ உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நல்லதாப் போச்சு."

ஐஸ் பெட்டியில் ஐஸ் வெந்நீராகிக்கொண்டிருந்தது. ஒலீட்டா இன்சுலின் குப்பிகளை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து மனையில் தனியாக இருந்த, அவள் வயதொத்த கிப் டெலானோவிடம் போனாள். கிப்பின் வண்டி ஒரு வெள்ளைக் கப்பல். கூரை முழுக்கச் சூரியத் தகடு. அவன் ஃபிரிட்ஜ் ஃபோனில் பேசும். தினமும் காலையில், "இன்று நான் சமநிலையில் இருக்கிறேன்" என்று அவனுக்குச் செய்தி அனுப்பும். உள்ளே வைக்கிற ஒவ்வொன்றையும் படம் பிடித்து அபிப்பிராயம் சொல்லும். அது முகம் சுளித்ததால் கிப் பன்றி இறைச்சியை விட்டு நாளாகியிருந்தது.

"தாராளமா வைங்க ஒலீட்டா. இதுக்கு மனுஷங்களைப் பிடிக்கும்," என்றான் கிப்.

மருந்தை வைத்துக் கதவைச் சாத்தியதும் ஃபோன் சிணுங்கியது. கிப் படித்தான். முகம் மாறியது.

"என்ன சொல்லுது?"

"அறிமுகமில்லாத பொருள் ஒண்ணு வந்திருக்காம். உங்க பாதுகாப்புக்காகக் கதவைப் பூட்டிட்டேன்னு சொல்லுது."

"யார் பாதுகாப்புக்கு?"

"பொதுவாச் சொல்லுது."

"கிப், எனக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போடணும். கதவைத் திறக்கச் சொல்லு."

கிப் ஃபோனில் தட்டினான். கெஞ்சினான். தன் பிறந்த தேதியைச் சொன்னான். தன் முதல் நாயின் பெயரைச் சொன்னான். கம்பெனியிலிருந்து ஒருவர் உறுதி செய்யும் வரை பொறுமை காக்குமாறு ஃபிரிட்ஜ் கேட்டுக்கொண்டது. பின்னணியில் அருவி ஓசை ஒன்றையும் ஓடவிட்டது.

ஹார்லன் வந்தார். கேட்டார். நேராகப் போய் மேடைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார். அருவி நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

"அதைக் கொன்னுட்டீங்களா?" என்றான் கிப், வெளிறிப்போய்.

"தூங்குது. திரும்பச் சொருகினா எழுந்துக்கும்."

"எழுந்ததும் என்கிட்ட கேக்குமே. நான் என்ன சொல்லுவேன்?"

ஒலீட்டா அதற்குமேல் நிற்கவில்லை. சங்கத்துக் கூடத்தில் அப்போது வாராந்தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கள்ளிச் செடிகளுக்கு என்ன உயரம் தகும் என்பது பற்றிக் காரசாரமான விவாதம். துண்டு மூட்டையோடு அவள் உள்ளே போய் நடுவில் நின்றாள்.

"மிஸஸ் பிக்ஸ்பி," என்றார் பீவி, "நீங்க பேச முடியாது. உங்களுக்கு அந்தஸ்து இல்லை."

"தெரியும். நான் சரக்கு. சரக்கு பேசலை, சரக்கு கேக்குது. சரக்கு வச்சிருக்குற இந்தப் பூங்கா கிடங்குதானே?"

"அந்த அளவில், ஆமாம்."

"கிடங்குல வச்ச சரக்கு கெட்டுப்போனா யார் பொறுப்பு?"

 இன்சூரன்ஸில் வாழ்ந்து முடித்தவருக்கு அந்தக் கேள்வியின் எடை உடனே தெரிந்தது.

"கிடங்குக்காரர்," என்றார் பீவி, குரல் இறங்கி.

"நான் மருந்து இல்லைன்னா கெட்டுப்போற சரக்கு. மருந்து குளிர் இல்லைன்னா கெட்டுப்போற சரக்கு. என் வீட்டுக்காரன் ஏற்கெனவே பாதி கெட்டுப்போன சரக்கு. மூணுத்தையும் நீங்க பத்திரமா வச்சிருக்கணும். இல்லைன்னா என் வக்கீல் பேசுவார்."

அவளுக்கு வக்கீல் யாரும் கிடையாது. ஆனால் அந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும். ஆள் வரத் தேவையில்லை. பிக்ஸ்பி சரக்கைக் கூடத்திலேயே, ஏ.சி. வசதியோடு, பெரிய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பாதுகாப்பது என்று உடனடியாகத் தீர்மானமாயிற்று. பொருட்கள் ஒன்றோடொன்று உரசிச் சேதமடையாமல் இருக்க இரண்டு மெத்தைகளும் தரப்பட்டன. காலையில், பொருளின் தரம் குறையாமல் இருக்க, முட்டையும் ரொட்டியும் வந்தன.

ஹார்லனுக்கு முட்டை இறங்கவில்லை. அந்தத் திருகாணி அவர் மண்டைக்குள்ளேயே இருந்தது. தட்டை வைத்துவிட்டு நேராகத் தன் வண்டிக்குப் போய் பிளாஸ்டிக் கதவைக் கழற்றினார். பீவி ஓடி வந்தார்.

"மிஸ்டர் பிக்ஸ்பி! விதிமீறல்!"

"விதி யாருக்கு சார்?"

"குடியிருப்பவர்களுக்கு..." என்று தொடங்கிய பீவி பாதியில் நின்றார். ஒரு நாற்காலி தானாக எழுந்து ஒரு கதவைக் கழற்றினால் நாற்காலிக்கு அபராதம் போட முடியாது.  ஹார்லன் நினைத்தபடியே திருகாணி துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். ஒயர் முனையைப் பளபளவென்று ஆக்கினார். இறுக்கினார். உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தார். மூன்று வழியிலும் ஓடியது.

சந்தோஷத்தோடு கூடத்துக்கு ஓடினார்.

"ஒலீட்டா! ஓடுது! வீட்டுக்குப் போலாம்!"

ஒலீட்டா குளிர்ந்த காற்றுக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். "அணைச்சிட்டு வா," என்றாள்.

"என்னது?"

"ஹார்லன், இங்க நான் சமைக்கலை. பாத்திரம் கழுவலை. நாள் பூரா ஜில்லுனு இருக்கேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை இவ்வளவு பத்திரமா யாரும் பாத்துக்கலை. போய் அணை."

அவர் போய் அணைத்தார்.

செய்தி பரவியது. அடுத்த நாளே எதிர்வரிசையில் மூன்று ஃபிரிட்ஜுகள் பழுதாயின. அதற்கடுத்த நாள் பூங்காவின் பாட்டுக் குழு மொத்தமும் பழுதாயிற்று. ஃபியூஸைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையில் தலையணையோடு வந்து நின்றார்கள். கிப்பும் வந்தான். அவன் ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அவனோடு பேச மறுத்தது. மன நிலையில் பழுது என்று பீவி வகைப்படுத்தினார். வார முடிவில், பீவியின் சொந்த ஃபிரிட்ஜே யாரும் எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது. மஞ்சள் ஒட்டியைத் தன் ஜன்னலில் தானே ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பூங்காவில் இப்போது குடியிருப்பவர் என்று ஒருவரும் இல்லை. கூடம் நிறைந்து வழிந்தது. எல்லோரும் சீட்டாடிக்கொண்டும் முட்டையின் பதத்தைக் குறை சொல்லிக்கொண்டும் ஆனந்தமாக இருந்தார்கள்.

ஆனால் சரக்காகிவிட்ட பிறகும் பீவியால் விதிகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. கிடங்கு விதிகளில் ஒன்றைக் கண்டுபிடித்து எழுந்து நின்றார்.

"சேமிக்கப்பட்ட பொருட்களை எடுத்துக்கச் சொல்லி நெருங்கின உறவுக்குத் தகவல் அனுப்பியாகணும். அனுப்பிட்டேன். நம்ம பிள்ளைங்க எல்லாருக்கும்."

சீட்டுகள் மேஜையில் இறங்கின.

"என் பையன் ஓடி வந்துடுவான்," என்றாள் பாட்டுக் குழுத் தலைவி ரோவீனா. "தனியா இருக்காதம்மான்னு எப்பவும் சொல்லுவான்."

"வந்தா நான் போகமாட்டேன்னு சொல்லிடுவேன்," என்றான் கிப், முடியைக் கோதிக்கொண்டே.

பதில்கள் வேகமாக வந்தன. அவர்கள் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் போட்டதில்லை. பீவி ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ரோவீனா, உங்க பையன். 'தற்சமயம் வீட்டில் இடமில்லை. அங்கேயே வைத்திருக்கவும். கட்டணத்தை மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளலாம்.' கிப், உங்க பொண்ணு. 'நீண்ட காலத்துக்கு வைத்தால் சலுகை உண்டா?'"

ஒருவர் விடாமல் பணம் கட்ட முன்வந்திருந்தார்கள். சிலர் காப்பீடும் கேட்டிருந்தார்கள். பீவி தன் மகளின் பதிலைச் சத்தம் போட்டு வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எங்க பொண்ணு ஜோலீன் என்ன எழுதியிருக்கா?" என்றார் ஹார்லன். 

"உங்க மக..." பீவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கறேன்னு எழுதியிருக்கா."

கூடமே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஒலீட்டாவின் கண் கலங்கியது.

"'ஒரு சந்தேகம்,'" என்று பீவி தொடர்ந்தார், "'அம்மாவை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியுமா?'"

 ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலீட்டா ஏ.சி.க்கு எதிரே நீட்டியிருந்த காலை மடக்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"செட்டைப் பிரிச்சுக் குடுக்கறதில்லைன்னு எழுதுங்க மிஸ்டர் பீவி," என்றாள். "ஹார்லன், எழுந்திரு. போய் ஃபிரிட்ஜைப் போடு."

மறுநாள் விடியும்போது காப்பர் லிசர்ட் பூங்கா முழுவதும் ஒரு சத்தம் கேட்டது. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் யாரோ குனிந்து ஃபியூஸைச் சொருகிக்கொண்டிருந்தார்கள், துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மஞ்சள் ஒட்டிகள் குப்பைத் தொட்டிக்குப் போயின.

அடுத்த கூட்டத்தில் பீவி ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்தப் பூங்காவில் ஃபிரிட்ஜ் எதுவும் இதுவரை பழுதானதில்லை என்றும், இனியும் பழுதாகாது என்றும், இது தொடர்பாகப் பிள்ளைகளுக்குத் தகவல் ஏதும் போனதில்லை என்றும் அது கூறியது.

எல்லோரும் கை தூக்கினார்கள். பால் திரிந்த வாடை தன் சட்டையில் இன்னும் போகாத ஹார்லன் பிக்ஸ்பியும், இரண்டு கையையும் தூக்கினார்.