குரங்குக்கே இருந்த ஸ்வெட்டர்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவனில்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் போனேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மன்னித்துக்கொள்ளுங்கள். போன வாரம் மகள் பாடப்புத்தகத்தைச் சத்தமாகப் படித்ததால் வந்த வினை இது. “குளிரான மலைகளில் வாழும் விலங்குகளுக்கு உரோமம் நீண்டு அடர்த்தியாக இருக்கும்” என்று படித்தவள் நிறுத்தி, “அப்பா, ஒங்க கதை வந்திருக்கு” என்றாள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா சிரிப்பது கேட்டது.

நான் கொத்மலைப் பக்கம். பெண் பார்க்கப் போனது நுவரெலியாவுக்கும் மேலே, மேகம் லயத்து வீட்டு வரிசைக்குள் புகுந்து புறப்படும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அதற்கு முன் இரண்டு இடங்களில், பையன் ஊமையா என்று கேட்டுத் தட்டிவிட்டார்கள். இதுவும் போனால் இனிப் பெண் தேட மாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

என் ஸ்வெட்டரின் இரண்டு முழங்கையும் கிழிந்திருந்தது. அக்கா முன்னே நடக்க, நான் பின்தங்கி, பாதையோரத் தேயிலைச் செடிக்குள் அதை ஒளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு போனேன். (கொத்மலைக் குளிரையே குளிர் என்று நம்பியிருந்த காலம்.)

பெண் புனிதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாங்கிய கை நடுங்கி, பாதி சாசரில், மீதி என் காற்சட்டையில். அவள் அப்பா என் கையையே பார்த்தார்.

“தம்பி தண்ணி போடுறதுங்களா?”

“ஐயோ, தொடவே மாட்டான்ங்க” என்றாள் அக்கா.

“காலையிலேயே கை இப்படி நடுங்குதே. மூத்தவள ஒரு குடிகாரனுக்குக் குடுத்துட்டு நான் படுறது போதும்மா.”

குளிர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பற்கள் மட்டும் பேசின. கக்கூசுக்குப் போவதாகச் சைகை காட்டிவிட்டு, ஸ்வெட்டரை எடுக்க ஓடினேன்.

அந்தச் செடிக்கு மேலே, கல்கட்டில், பனிமூட்டத்துக்குள் சடைசடையாய் ஒன்று எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

“கரடி!”

பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த சத்தம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் போயிற்று. லயமே தடியும் கவ்வாத்துக் கத்தியுமாக வந்து நின்றது. கரடி மெதுவாகத் திரும்பியது. கறுத்த முகம், நரைத்த கிருதா. மந்திக் குரங்கு.

“இது எங்க மந்திங்க” என்றாள் புனிதா. “இந்தக் குளிருக்கு இங்க இப்படித்தான் சடையா முடி வளரும். கீழ ஒங்க பக்கம் இருக்கிறது மெலிஞ்சது.” அதற்குள் செடியில் தொங்கிய ஸ்வெட்டர்க் கையைப் பார்த்துவிட்டாள். இழுத்தாள். கிழிசலுக்குள் அவள் இரண்டு விரல் போயிற்று.

“குரங்குக்கே ஸ்வெட்டர் இருக்கு. நீங்க இருந்தத செடிக்குப் போட்டுட்டு வந்திருக்கீங்களே.”

அவள் அப்பா ஸ்வெட்டரைப் பார்த்தார், பிறகு என்னை. “குளிருதுன்னு சொல்ல வேண்டியதுதானே தம்பி?”

“வெக்கமா இருந்துச்சுங்க மாமா.”

(மாமா என்று கூப்பிட அதுவரை யாரும் சொல்லவில்லை.) அவர் சிரித்துவிட்டார். தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அதோடுதான் ஊர் திரும்பினேன். ஸ்வெட்டர் புனிதாவின் கையிலேயே இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

அந்த லயத்தில் இன்றும் நான் கரடி மாப்பிள்ளை. கல்கட்டில் மந்தி வந்தால், “ஒங்காளு வந்திருக்காரு, உள்ள கூப்பிடுங்க” என்பார் மாமா.

பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மாலை, பஸ் கண்டக்டர் எங்கள் சந்தியில் ஒரு பார்சல் கொடுத்தார். உள்ளே என் ஸ்வெட்டர். முழங்கை இரண்டும் தைத்திருந்தது. ஸ்வெட்டர் நீலம், நூல் சிவப்பு.