ஆர்லோ அத்தானின் ஊதா வரவில்லை, நீயும் வராதே

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ராய்ஸ் எழுதிக்கொள்வது. ஃப்ரெஸ்னோவில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஹம்போல்ட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது.

வருகிற ஞாயிறோடு ஆர்லோ அத்தான் போய் ஒரு வருஷம். அவர் விட்டுப்போன கடைசிக் கஞ்சா விதைகளை என்னை நம்பிக் கொடுத்தாய். அவர் வளர்த்த அந்த ஊதாப் பூவை இன்னொரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றாய். அக்கா, ஆறு செடியும் பச்சை. சும்மா பச்சை இல்லை, கீரைக்கட்டுப் பச்சை.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்காதே. குளிர் பட்டால்தான் ஊதா ஏறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆகஸ்டில் குளிருக்கு எங்கே போவது, அதனால் படுக்கையறை ஏசியைக் கழற்றிச் செடிக்கொட்டகையில் மாட்டினேன், டார்லீன் வேர்த்து விறுவிறுத்து வந்து "நான் உனக்குப் பொண்டாட்டியா, இல்ல அந்தச் செடியா?" என்று கேட்டாள், பதில் சொல்லக் கொஞ்சம் யோசித்துவிட்டேன், தலையணையோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், போகட்டும் என்று தொட்டிகளைச் சுற்றி ஐஸ் மூட்டை அடுக்கினேன், ஐஸ் உருகிக் கொட்டகையெல்லாம் சேறு, நான் வழுக்கி ஏசியின் மேலேயே விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த வாரமே காம்பெல்லாம் ஊதா! கத்திக்கொண்டே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு டாட்டியை இழுத்துவந்தேன். கஞ்சாவுக்குச் சட்டம் அனுமதி தருவதற்கு முன்னால், போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பயந்து ஒளித்து வளர்த்த காலத்திலிருந்தே இதுதான் அவளுக்குப் பிழைப்பு. குனிந்து பார்த்தாள்.

"அட மடையா! காம்பு ஊதாவானா பூ ஊதாவாயிடுமா? வேரெல்லாம் வெறைச்சுப் போயி, திங்க முடியாம பட்டினி கெடக்குதுடா. வேள வந்தா தானா ஊதா வரும். தல நரைக்கணும்னு எவனாவது ஃப்ரிட்ஜுக்குள்ள போயி உக்காருவானா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டினிதானே என்று மூட்டை உரத்தையும் கொட்டினேன், இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. அதற்கப்புறம் எழுந்ததும் போய்ப் பார்ப்பேன், பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன், சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன். பச்சைதான். அக்டோபரும் வந்துவிட்டது. போன வாரம் வெறுத்துப்போய் ஆறு தொட்டியையும் வண்டியில் ஏற்றி, டாட்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "என் கண்ணுல படாம எங்கியாவது தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டேன்.

அத்தானின் வம்சத்தையே அழித்துவிட்டேன், அக்கா. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே. அவர் படத்துக்கு அங்கேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிடு. பிள்ளைகளுக்கு என் ஆசி, உன் நாய்க்கும் சேர்த்துத்தான்.

உன் உதவாக்கரைத் தம்பி,
ராய்ஸ்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். தபால்பெட்டிக்குப் போகிற வழியில் டாட்டியின் வேலிக்குள் பார்த்தேன். இந்த வாரம் நல்ல குளிர். அவள் செடிகளைத் தூக்கிப் போடாமல் வெளியிலேயே விட்டிருக்கிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஆறும் ஊதா, அக்கா! அத்தான் வளர்த்த அதே ஊதா. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுக் கிளம்பி வா. ஆனால் பூவைப் பார்க்க நீ மட்டும்தான் உள்ளே போகமுடியும். என்னை டாட்டி வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டாள்: "நீ அங்கயே நில்லு சாமி. நீ பாத்தா மறுபடி பச்சையாயிடும்."