இருபத்துநான்காவது துணி

அன்புள்ள மர்யுக்கா அக்காவுக்கு,

குவோபியோவிலிருந்து தங்கை டெல்லர்வோ எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

உன் மகள் இன்கெரிக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு முடிந்து நடந்த விருந்தில் நான் வாசற்கதவைப் பூட்டியது தப்பு. புறப்பட்ட போதகரை அதட்டி உட்காரவைத்தது பெரிய தப்பு. ஆனால் அக்கா, கை துடைக்க மேசையில் வைத்த வெள்ளைத் துணிகள் இருபத்துநான்கு, திரும்பி வந்தவை இருபத்துமூன்று, எல்லாவற்றிலும் ஸ்ட்ராபெரி கேக்கின் சிவப்பு. பதினெட்டு வருடமாக அறுவை அரங்கில் இதுதானே என் வேலை? உள்ளே போன துணியெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று எண்ணி நான் சொன்ன பிறகுதான் டாக்டர் வயிற்றைத் தைப்பார். அந்தப் பழக்கத்தில், "ஒண்ணு குறையுது, யாரும் தைக்கக் கூடாது!" என்று கத்திவிட்டேன். "ஏண்டி, இங்க யாரைடி தைக்கிறோம்?" என்றாய் நீ. உன் மாமனார் முகம் சிவந்து கோட்டுப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தார், உள்ளே இரண்டு துண்டு கேக்கோடு. எல்லாரும் சிரித்தீர்கள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

காரணம் சொல்கிறேன். அதற்கு முந்தின வியாழக்கிழமை அரங்கில் நிஜமாகவே ஒன்று குறைந்தது. நான்கு பேர் வேலைக்கு இரண்டு பேர், பதினோரு மணி நேரம், ஒரு வாய் காபி இல்லை. எண்ணாமலேயே "சரி" என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற ரவுனிதான், "அக்கா, இருங்க, இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு" என்றாள். அந்த மனிதர் பிழைத்தார். எனக்குத்தான் தூக்கம் போனது. ஆஸ்பத்திரி என்ன செய்தது தெரியுமா? ஆள் போடவில்லை. என் விடுமுறை நாளில் மனநலப் பயிற்சிக்கு அனுப்பியது. கையில் பிசைய ஒரு ரப்பர் பந்து கொடுத்து, "கண்ண மூடிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றார் ஒருவர். எண்ணச் சொல்கிறார், என்னிடம்! பந்தை அவர் மேலேயே எறிந்திருக்க வேண்டும், எனக்குத் தெம்பில்லை.

போதும் அக்கா. இன்று காலை ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன். இனி யார் கெஞ்சினாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

இன்கெரிக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு வணக்கம். உன் மாமனாருக்கு ஒரு முழுக் கேக் வாங்கிக் கொடு.

உன் அன்புத் தங்கை,
டெல்லர்வோ

பி.கு.: மேலே ஒரு பொய் இருக்கிறது. ராஜினாமாக் கடிதம் இன்னும் என் பையில்தான். உனக்கு எழுதிய இந்த உறையை ஒட்டப் போகும்போது தலைமை நர்ஸ் ஹில்கா போன் செய்தாள்: "நாளைக்கு ரெண்டு பேர் லீவும்மா. நீ வரலன்னா அரங்கையே சாத்தணும்." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தையும் இதோடு வைக்கிறேன், தபால்தலை ஒட்டியிருக்கிறது. நீ போட்டுவிடு, என்னால் முடியவில்லை. உறைக்குள் மொத்தம் இரண்டு கடிதம். நீயே எண்ணிப் பார் அக்கா, நான் எண்ணியதை நம்பாதே.